பல்லுச்சட்டையும் அரை மூச்சு வெந்நீரும்

கொதிக்கும் தண்ணீரில் பச்சை மிளகு விழுந்தவுடன் எழுகிற வாசனைக்கும் கடையில் வாங்கும் மிளகுத்தூளின் வாசனைக்கும் எந்த உறவும் கிடையாது. அதில் காரம் குறைவு, இலையைக் கசக்கினால் வரும் பச்சை மணம் கூடுதல், மூக்கில் ஏறுவதற்கு முன்பே நாக்கின் அடியில் எச்சில் ஊறிவிடும். மார்கழி பிறந்துவிட்டால் கொல்லிமலையில் எங்கள் திருப்புலி நாட்டுப் பக்கம் எந்த வீட்டைக் கடந்து போனாலும் இந்த வாசனைதான். மற்றவர்களுக்கு இது அறுவடையின் வாசனை. எனக்கோ அதை முகர்ந்த மாத்திரத்தில், சூட்டில் இளகிய பிளாஸ்டிக்கின் நெடியும் கூடவே நினைவுக்கு வந்து, கை தானாக வாய்க்குப் போய் முன்பற்களைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும். செம்மேட்டில் நான் நடத்தும் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு, பல்வலியா என்று கேட்பதுண்டு. இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுப்பேன். கடையில் நின்றுகொண்டு சொல்லக்கூடிய கதையல்ல அது.

எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் எனக்கும் ஒரே மாதிரிப் பல். அம்மாவின் பற்கள் சோளக்கதிர் போல வரிசையாக இருக்க, அவளுடைய பங்கு என் வாய்க்குள் வந்து சேரவே இல்லை. மேல்வரிசையின் முன்பற்கள் இரண்டும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு, ஒன்றோடொன்று கோபித்துக்கொண்டவை போல விலகி நிற்கும். நடுவில் ஒரு மிளகை வைத்தால் விழாமல் நிற்கும் என்பதை நானே வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறேன். அப்பா அந்த இடைவெளியில் நாக்கின் நுனியை வைத்து ஊதினால் சீட்டிச் சத்தம் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும். சில்வர் ஓக் மரங்களில் ஏறிப் படர்ந்த மிளகுக் கொடியைப் பறிக்க ஒற்றை மூங்கில் ஏணியில் போய்விட்டால் அவருக்கு வாய்ப்பேச்சே கிடையாது. பை நிறைந்தால் சின்னதாய் இரண்டு சீட்டி, சாப்பாடு வேண்டுமென்றால் நீளமாய் ஒன்று. கீழேயிருந்து நானும் அதேபோல் ஒன்று அடித்து, "வாரேன்" என்பதைத் தெரிவிப்பேன். அம்மா எவ்வளவோ முயன்றும் அவளுக்குச் சீட்டி வந்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் இந்தப் பல்லுக்கு வேறு பெயர். "தேங்காத் துருவி" என்றார்கள். சொன்னவர்கள் யாரும் கொடியவர்கள் இல்லை, அவர்களில் ஒருத்திதான் இன்றைக்கும் என் நெருங்கிய தோழி. ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்ட பிறகு நான் சிரிக்கும்போது வாயைக் கையால் மூட ஆரம்பித்தேன். அப்படி மூடத் தொடங்கியதை முதலில் கவனித்தவர் அப்பா. அவரும் சிரிப்பு வந்தால் தோள் துண்டின் முனையை உதட்டுக்குக் கொண்டுபோகிறவர்தான். அது அவருடைய பழக்கம் என்று நினைத்திருந்தேனே தவிர, அதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

நாமக்கல்லில் இருந்த சித்தி சொல்லி, அங்கே ஒரு பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். இளம் வயது டாக்டரம்மா, பேச்சு குறைவு, கை மென்மை. பல்லுக்குக் கம்பி மாட்டினார். அதற்குப் பிறகு மாதம் தவறாமல் மலையிறங்க வேண்டும். கொல்லிமலையின் கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றிச் சுற்றுலா வந்தவர்கள் ஆசை ஆசையாகப் பேசுவார்கள். அவற்றை மாதாமாதம் வாயில் இறுக்கிய கம்பியோடும், என் மடியில் தலை சாய்த்து எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருக்கும் அம்மாவோடும் கடந்து பார்த்தால் அந்த ஆசை எவ்வளவு நாள் நிற்கும் என்று தெரியவில்லை. அம்மாவுக்குப் பஸ் என்றாலே குமட்டும். இருந்தும் ஒரு தடவைகூட வரமாட்டேன் என்று சொன்னதில்லை. பல் இறுகி வலிக்கிற நாட்களில் மரவள்ளிக் கிழங்கைக் குழைய வேகவைத்து மசித்துத் தருவாள். அப்படியே வருடங்கள் ஓடின. முன்பற்கள் மெல்ல உள்ளே வந்தன, இடைவெளி நூலாகச் சுருங்கி ஒருநாள் அதுவும் மறைந்தது, அதோடு என் சீட்டியும் போயிற்று. நாக்கை எங்கே வைத்து ஊதினாலும் வெறும் காற்றுதான் வந்தது. நான் அதற்காக வருத்தப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று இளித்துப் பார்ப்பதே அப்போது எனக்கு முழுநேர வேலையாக இருந்தது.

கம்பியைக் கழற்றிய அன்று எல்லாம் முடிந்தது என்று நினைத்துப் போனவர்களிடம், இனிமேல்தான் கவனம் வேண்டும் என்றார் டாக்டரம்மா. இழுத்து வைத்த பல் பழைய இடத்தை மறக்காது, எலும்பு இறுகும்வரை அதைப் பிடித்து நிறுத்த ஒன்று வேண்டும், அதற்குப் பெயர் ரீடெய்னர் என்று சொல்லிக்கொண்டே கீழ்வரிசைக்கு உள்பக்கமாக ஒரு மெல்லிய கம்பியை ஒட்டிவிட்டார். மேல்வரிசைக்கு மட்டும் எங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி மூன்று மாதிரிகளை மேசையில் வைத்தார். ஒன்று, பல்லின் பின்னால் ஒட்டிக்கொள்ளும் அதே மெல்லிய கம்பி. இன்னொன்று, அண்ணத்தில் பதியும் ரோஸ் நிறத் தட்டும் பல்லுக்கு முன்னால் ஓடும் கம்பியுமாக இருந்தது. மூன்றாவது, பல்வரிசையின் மேல் அப்படியே கவிழ்ந்து உட்காரும் கண்ணாடி போன்ற மெல்லிய உறை. போட்டிருப்பது வெளியே தெரியாது.

அம்மாவுக்கு ஒட்டுக்கம்பிதான் பிடித்தது. "கழட்டவே வேண்டாமில்லீங்க, தொலையாதே," என்றாள். டாக்டரம்மாவும் இடைவெளி இருந்த பல்லுக்கு அதுதான் நல்லது என்றார், ஆனால் நடுவில் ஒட்டு விட்டுப்போனால் உடனே வர வேண்டும், கடினமானதைக் கடிக்கக் கூடாது என்று அவர் சொன்னதும் அம்மாவின் கண்ணுக்கு முன்னால் வளைவுகள் எல்லாம் வந்துபோனதைப் பார்த்தேன். அப்பா மூன்றையும் மாறி மாறி எடுத்து, நாற்று வாங்க வந்தவரைப் போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசியில் ரோஸ் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இது கெட்டியா இருக்குதுங்க. கம்பி கோணினாலும் நிமித்திக்கலாம். அந்தக் கண்ணாடி சமாச்சாரம் தாங்குமுங்களா?" என்று கேட்டார்.

நான் கண்ணாடி உறைதான் வேண்டும் என்று அடம்பிடித்தேன். பள்ளிக்கூட வயதில் பாதியைக் கம்பியோடு கழித்தவளிடம் இன்னொரு கம்பியை நீட்டினால் வேறு என்ன சொல்லுவாள். அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டை மேசையில் வைத்தார். "சரி, கண்ணு ஆசைப்படுது," என்று சொல்லி, சாயங்கால பஸ் எப்போது என்று விசாரிக்க வெளியே போனார். இந்த இடத்தை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் அப்பா வெளியே போன அந்தச் சமயத்தில்தான் டாக்டரம்மா எனக்கும் அம்மாவுக்கும் அதைப் பராமரிக்கும் விதத்தைச் சொன்னார். சாப்பிடும்போது மட்டும் கழற்றலாம், கழற்றினால் பெட்டியில்தான் வைக்க வேண்டும், பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும் என்பதால் மிருதுவான பிரஷால் வெறுமனே கழுவினால் போதும், எல்லாவற்றையும்விட முக்கியம், பச்சைத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும், சூடு ஆகவே ஆகாது. நானும் அம்மாவும் தலையாட்டினோம். அப்பா திரும்பி வந்து, பஸ் தயாராக இருக்கிறது என்றார்.

வீட்டில் அதற்கு "பல்லுச்சட்டை" என்று பெயர் வைத்தவர் அப்பாதான். சோறு வைத்துவிட்டு அம்மா "சட்டையைக் கழட்டியாச்சா?" என்று கேட்டால், பக்கத்தில் இருக்கும் விருந்தாளிகள் முழிப்பார்கள். மார்கழிக் குளிரில் கொல்லிமலைத் தண்ணீர் எப்படி இருக்கும் என்பது அங்கே ஒருநாள் பல் தேய்த்தவர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் குடிக்க, குளிக்க, முகம் கழுவ எல்லாவற்றுக்கும் வெந்நீர்தான், அடுப்பில் ஒரு பாத்திரம் எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். அதற்கு நடுவில் நான் மட்டும் தொட்டியில் கையை விட்டு, விரல் மரத்துப்போகப் பல்லுச்சட்டையைக் கழுவிப் போட்டுக்கொள்வேன். வாயில் ஏறியவுடன் ஈறெல்லாம் சிலிர்க்கும். பிறகு வாயின் சூட்டுக்கு அதுவும் பழகிவிடும்.

எவ்வளவு கழுவியும் கொஞ்ச நாளில் அதன்மேல் வெள்ளையாக ஒரு படலம் படிந்தது. எச்சிலில் இருக்கும் உப்பு படிவது அது, வினிகரும் தண்ணீரும் கலந்து ஊறவைத்தால் போய்விடும் என்பதெல்லாம் இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு அதைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "வெள்ளையாப் படிஞ்சிருக்குது, லேசா நாறுதுங்கம்மா," என்று நான் அம்மாவிடம் சொன்னது அப்பாவின் காதில் விழுந்தது.

வெள்ளைப் படலம், நாற்றம் என்ற இரண்டு சொற்களும் மிளகு வைத்திருக்கும் ஒருவரின் காதில் எப்படி விழும் என்று சொல்ல வேண்டும். முந்தின வருடம் தொடர்ந்து மூடுபனி கவிந்து, வெயிலைக் காணாமல் எங்கள் மிளகில் பெரும்பகுதி பூஞ்சை பிடித்துப்போயிருந்தது. அதைக் குப்பையில் கொட்டிய அன்று அப்பா சாப்பிடவில்லை. அதனால் பல்லுச்சட்டை வந்த வருடம் அவர் எதையும் விட்டுவைக்கவில்லை, உதிர்த்த மிளகு ஒவ்வொரு கூடையையும் கொதிநீரில் முக்கித்தான் காயப்போட்டார். அப்படி முக்கினால் தூசும் புழுவும் போய்விடும், பூஞ்சை அண்டாது, சீக்கிரம் காயும், மிளகு கன்னங்கரேலென்று மின்னும். எவ்வளவு நேரம் முக்குவது என்பதற்கு அவரிடம் கடிகாரம் இல்லை. கூடையை நீரில் இறக்கும்போது மூச்சைப் பிடிப்பார், இனி முடியாது என்று வரும்போது கூடையைத் தூக்குவார். ஒரு மூச்சுக்கு ஒரு கூடை. கழுத்து நரம்பு புடைக்க அவர் நிற்கும்போது யாரும் அவரிடம் பேசக் கூடாது.

அன்றைக்கு முற்பகல், கிழங்கும் பச்சைமிளகாய்ச் சட்னியும் சாப்பிடுவதற்காகப் பல்லுச்சட்டையைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, அம்மாவோடு அடுக்களையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே அண்டாவில் தண்ணீர் தளதளத்துக்கொண்டிருந்தது. சாப்பிட்டுக் கைகழுவ வெளியே வந்தபோது அப்பா அண்டாவுக்குப் பக்கத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மூச்சுப் பிடித்திருக்கிறார் என்று நினைத்து நான் பேசாமல் காத்திருந்தேன். நேரம் ஆயிற்று. அவர் திரும்பவில்லை. சுற்றிக்கொண்டு முன்னால் போய்ப் பார்த்தேன். இரண்டு கை விரல்களாலும் மேலுதட்டைத் தூக்கிப் பிடித்து, எதையோ தன் முன்பற்களின் மேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். வாய் பளபளத்தது. கண்ணில் நீர் கோத்திருந்தது, சூடு பட்டதனாலா வேறெதனாலா என்று தெரியவில்லை.

அதை வாயிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார். ஓரங்கள் சுருண்டு, பின்பக்கம் வாழைச்சருகு போல மடங்கிப்போயிருந்தது. முன்பக்கம் மட்டும் ஒழுங்காக இருந்தது, ஆனால் அது என் பல்லின் ஒழுங்கு அல்ல. நடுவில் ஒரு மேடு, அதற்கு இரண்டு பக்கமும் வெளியே தள்ளிய இரண்டு பற்களின் அச்சு.

"பூஞ்சை பிடிச்சிருக்குதுன்னு முக்குனேன் சாமி," என்றார். "சின்னப் பொருளாச்சேன்னு அரை மூச்சுதான் புடிச்சேன். அதுக்குள்ள சுருண்டுருச்சு. சூடு ஆர்றதுக்குள்ள பல்லு மேல வெச்சு அமுக்குனா பழைய மாதிரி வந்துரும்னு பார்த்தேன். உன்ற பல்லும் என்ற பல்லும் ஒண்ணுதானேன்னு..."

அவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார். இரண்டு பல்லும் இப்போது ஒன்றில்லை என்பது அவருக்கு அந்த இடத்தில்தான் உறைத்திருக்க வேண்டும். அதற்குள் வெளியே வந்த அம்மா, சத்தம் போடாமல் அவர் கையைப் பிடித்துத் தொட்டிக்கு இழுத்துப் போய், வெந்துபோன உதட்டுக்குப் பச்சைத் தண்ணீரை ஊற்றினாள். "ஏனுங்க, என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்க," என்று மட்டும் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் மேலுதடு வீங்கி, தண்ணீர் சொட்டச் சொட்ட நின்ற மனிதரிடம் அந்தக் கோபத்தை எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன்.

டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தோம். அவர் தன் தங்கையின் பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருப்பதாகவும், பொங்கல் கழித்துத்தான் வருவார் என்றும், அதுவரைக்கும் நாக்கால் பல்லைத் தள்ளாமல் இருக்கும்படியும் சொன்னார்கள். எங்களால் ஆகக்கூடியது காத்திருப்பதுதான். இழுத்து வைத்த பல் பழைய இடத்தை மறக்காது என்று டாக்டரம்மா சொன்னதை நான் அப்பாவுக்கு ஏன் ஞாபகப்படுத்தினேனோ, அதிலிருந்து அவர் தினமும் காலையில் என்னைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்ல ஆரம்பித்தார். முதலில் ஒரு நூலை விட்டுப் பார்த்தார், இறுக்கமாகப் போயிற்று. சில நாட்களில் தாராளமாகப் போயிற்று. பிறகு சாமை வைக்கோலில் ஒரு தாளைக் கிள்ளிவந்து விட்டுப் பார்த்தார். அதுவும் போனது. "ஒண்ணுமில்ல கண்ணு, அப்படியேதான் இருக்குது," என்று சொல்லிவிட்டுத் தாளைப் பின்னால் மறைத்துக்கொண்டு போவார். நான் கண்ணாடியில் பார்க்காமலா இருந்தேன். வருடக்கணக்கில் அம்மா குமட்டலோடு இறங்கி ஏறிய வளைவுகள் எல்லாம் வீணாகிக்கொண்டிருப்பதை நாக்கின் நுனியால் என்னாலும் தொட முடிந்தது. மறுபடியும் "தேங்காத் துருவி" ஆகிவிடுவேன் என்கிற பயம், வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதுகூட என்னைவிட்டுப் போகவில்லை.

அந்த நாட்களில் இன்னொன்றும் நடந்தது. அதைக் கவனிக்க எனக்குக் கொஞ்சம் காலம் பிடித்தது. அப்பா சீட்டியடிப்பதை நிறுத்திவிட்டார். மரத்தின் உச்சியில் பை நிறைந்தால் சத்தம் கொடுக்காமல் தானே இறங்கி வந்து கொட்டிவிட்டு மறுபடி ஏறினார். மூங்கில் ஏணியில் ஒரு நாளைக்கு அத்தனை முறை ஏறி இறங்குவது சாதாரண வேலையில்லை. "எதுக்குங்க இப்படி, ஒரு சீட்டி குடுத்தா புள்ள வரமாட்டாளா?" என்று அம்மா கேட்டதற்கு, உதடு இன்னும் எரிகிறது என்றார். உதடு என்றைக்கோ ஆறியிருந்தது.

பொங்கலுக்கு முன்னால் ஒருநாள். தார்ப்பாயில் மிளகைக் கையால் பரப்பிவிட்டுக்கொண்டிருந்தேன். மேலே கொடிக்குள் அப்பாவின் தோள் மட்டும் தெரிந்தது. பை நிறைந்திருக்க வேண்டும், ஏணியில் ஒரு காலைக் கீழே வைத்தார். அவர் இறங்க வேண்டாமே என்கிற எண்ணத்தில், வாயைத் திறந்து கூப்பிடப் போனவள், எப்படியோ நாக்கை அந்தப் பழைய இடத்தில் வைத்து ஊதினேன். சீட்டி வந்தது. முன்னைப் போலக் கணீரென்று இல்லை, மெல்லியதாக, பல்லியின் சத்தத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக. ஆனாலும் அது சீட்டிதான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வருடக்கணக்கில் வாய்க்குள் காணாமல் போயிருந்த ஒன்று திரும்பி வந்திருந்தது, அதை அவரிடம் காட்ட வேண்டும் என்று இன்னொரு தடவையும் அடித்தேன்.

அப்பா பையையும் விட்டுவிட்டு இறங்கி வந்தார். அவர் சிரிப்பார் என்று நான் நினைத்தேன். அவர் என் தாடையைப் பிடித்து முகத்தை வெயிலுக்குத் திருப்பி, முன்பல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். "சீட்டி வார அளவுக்கு விட்டுருச்சா," என்றார். நான் சந்தோஷமாக ஊதியது அவர் காதில் வேறு மாதிரி விழுந்திருக்கிறது. தார்ப்பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாமளே கெடுத்துப்புட்டமே சாமி," என்றார். அப்பா அழுது நான் பார்த்தது அது ஒருமுறைதான். காய்ந்த மிளகைக் கையில் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டே அவர் பக்கத்தில் இருந்தேன்.

பொங்கல் கழிந்ததும் மூன்று பேரும் இறங்கினோம். அப்பா சுருண்டுபோன பல்லுச்சட்டையை அதன் பெட்டியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார். டாக்டரம்மா அதைத் திறந்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, கடைசியில் அப்பாவின் வாயைப் பார்த்தார். "இது உங்க பல்லாச்சே," என்றார். அப்பா நடந்ததை ஒளிக்காமல் சொன்னார், அரை மூச்சு உட்பட. டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டதும், பிறகு அடக்க வேண்டிய தேவை இல்லாமல் முகம் மாறியதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "மிளகுக்கு நல்லது பிளாஸ்டிக்குக்கு ஆகாதுங்க ஐயா. இனிமே பச்சைத் தண்ணி மட்டும்," என்று அவருக்கும் ஒருமுறை தனியாகச் சொன்னார்.

என் பல்லைப் பார்த்துவிட்டு, பயப்படும்படி இல்லை, பல் முன்னே தள்ளவில்லை, நடுவில் மட்டும் கொஞ்சம் விட்டிருக்கிறது என்றார். இரண்டு வழிகள் இருக்கின்றன. திரும்பவும் சில மாதம் கம்பி மாட்டி மூடிவிடலாம். இல்லாவிட்டால் இப்போது இருப்பது இருக்கிறபடியே நிற்கும்படி புதிய ரீடெய்னர் செய்துகொள்ளலாம், அதைப் போட்டால் இடைவெளி இதற்குமேல் பெரிதாகவும் ஆகாது, சிறிதாகவும் ஆகாது.

"மூடிருங்க டாக்டரம்மா," என்றார் அப்பா உடனே. "என்னால வந்த சந்து அது. எத்தன தடவை வேணும்னாலும் கூட்டிட்டு வாரேன்."

"இருக்கட்டுங்கப்பா," என்றேன் நான்.

அப்பா திரும்பிப் பார்த்தார். அம்மாவும் எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுத்தாள். எனக்கு அன்றைக்கு இருந்த வயதில் நினைத்ததைச் சேர்த்துச் சொல்ல வரவில்லை, இப்போது சொல்கிறேன். பல் நீட்டிக்கொண்டிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை, அது போனதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இடைவெளி முழுக்க மூடிய பல்வரிசையோடு கண்ணாடியில் இளித்துப் பார்த்த அந்த மாதங்களில், நன்றாக இருக்கிறாள், யார் இவள் என்று எனக்குள் ஒரு சின்னக் கேள்வி இருந்தபடியே இருந்தது. அந்த இடைவெளி கொஞ்சம் திரும்பியவுடன் அந்தக் கேள்வி நின்றுபோயிற்று. அன்று நான் சொன்னது இவ்வளவுதான்: "எனக்குச் சீட்டி வருதுங்க. இருக்கட்டும்."

"அவ வாய், அவ சொல்லட்டும்," என்றார் டாக்டரம்மா. அந்த முறை நானே கையை நீட்டி ரோஸ் நிறத் தட்டை எடுத்தேன். கம்பி தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகிறது. டாக்டரம்மா மேலண்ணத்தில் அச்சுப் பசையை வைத்து அழுத்தியபோது குமட்டிக்கொண்டு வந்தது. அம்மா எலுமிச்சம்பழத்தை என் மூக்கில் வைத்தாள். பழைய பல்லுச்சட்டை மேசையோரக் குப்பைக் கூடைக்குள் போயிற்று. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

தட்டு தயாரானதும் போய் மாட்டிக்கொண்டு திரும்பிய அன்று, செம்மேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். சந்தை நாள், நல்ல கூட்டம். அம்மா தலை சுற்றலில் எங்களைப் பார்க்காமல் தனியாக முன்னே நடந்துகொண்டிருந்தாள். வழி தப்பிப் போகிறாளே என்று நான் கூப்பிட வாயெடுப்பதற்குள், எனக்குப் பக்கத்திலிருந்து சின்னதாய் இரண்டு சீட்டி கிளம்பிற்று. பாதிச் சந்தை திரும்பிப் பார்த்தது. அம்மா நின்று, திரும்பி, "நடுரோட்டுல என்னங்க இது," என்று முகத்தைச் சுளித்தாள். அப்பா துண்டை உதட்டுக்குக் கொண்டுபோனார். நான் தட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சீட்டி அடித்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வெந்நீருக்கும் பல்லுச்சட்டைக்கும் நடுவில் காவல் நின்றவர் அப்பாதான். ரோஸ் தட்டு பழசாகி, அதற்கு அடுத்ததும் பழசாகி, இப்போது நான் இரவில் மட்டும் போட்டுக்கொள்வது எத்தனையாவது என்று எனக்கே மறந்துவிட்டது. டாக்டரம்மா வேறு ஊருக்குப் போய்விட்டார். பச்சை மிளகை இப்போதும் முக்குகிறோம், ஆனால் மரம் ஏறுவதற்கு ஆள் வைத்திருக்கிறோம், மேலேயிருந்து கூப்பிட வேண்டுமென்றால் அவர்கள் செல்போனில் மிஸ்டு கால் கொடுக்கிறார்கள். அப்பாவுக்கு ஈறு நோய் வந்து, ஆடத் தொடங்கிய மேல்வரிசைப் பற்களையெல்லாம் சென்ற வருடம் எடுத்துவிட்டார்கள்.

பல்செட்டுக்கு அளவெடுத்தவர் நல்ல மனிதர். "முன்னாடி சந்து இருந்துச்சுன்னு சொன்னாங்க. அதே மாதிரி வெச்சுத் தரட்டுங்களா? பழைய அச்சு, போட்டோ ஏதாச்சும் இருந்தா குடுங்க," என்று கேட்டார். பழைய அச்சு என்றதும் எனக்கு, சுருண்ட பல்லுச்சட்டை போய் விழுந்த அந்தக் குப்பைக் கூடை நினைவுக்கு வந்தது. போட்டோக்களில் எல்லாம் அப்பா வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். எப்படியாவது அதேபோல வைத்துவிடுங்கள், என் பல்லைப் பார்த்தாவது வையுங்கள் என்று நான் சொல்ல வந்தேன்.

அப்பா என்னை முந்திக்கொண்டார். "வேண்டாமுங்க. வரிசையாவே வெச்சிருங்க. நானும் ஒருக்கா அப்படி இருந்து பார்க்கறேன்."

அவருக்கும் அந்த ஆசை இருந்திருக்கிறது. என் வாயை மூடிய கையைப் பார்த்து அவர் ஏன் எங்களை அத்தனை முறை மலையிறங்க வைத்தார் என்பது எனக்கு அந்த நாற்காலியின் பக்கத்தில் நின்றபோதுதான் புரிந்தது. செட்டு வந்த அன்று கையில் கண்ணாடியை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். துண்டு தோளிலேயே கிடந்தது. "உன்னுதவிட என்னுது நேரா இருக்குது கண்ணு," என்று என்னைக் கிண்டல் செய்தார். பிறகு வாசலுக்குப் போய்ப் பள்ளத்தைப் பார்த்து நின்றுகொண்டு, பழைய ஞாபகத்தில் நாக்கை வைத்து ஊதினார். காற்றுதான் வந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவர் பக்கத்தில் போய் நின்று, அவருக்காக ஒன்று அடித்தேன்.

இப்போது படுக்கப்போகும்போது எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் இரண்டு கிண்ணங்களில் இருக்கும். ஒன்றில் அப்பா தன் பல்லைப் போடுவார். இன்னொன்றிலிருந்து நான் என் பல்லுச்சட்டையை எடுத்து, பிரஷால் கழுவி, ஈறு சிலிர்க்க மாட்டிக்கொள்வேன். இந்த வயதிலும் பல் நேராக நிற்பதற்காக இவ்வளவு பாடா என்று பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள். நேராக நிற்பதற்காக இல்லை. அப்பாவின் முகத்தில் இனி இல்லாத அந்த இடைவெளி இன்னும் கொஞ்சம் என்னிடம் இருக்கிறது, அது மூடிவிடாமல் இருப்பதற்காகத்தான் போட்டுக்கொள்கிறேன்.